ஈயமில்லாப் பெற்றோலும் வன்னியின் பழைய கார்களும்: ஹெட்டைக் கழற்ற முதல் செய்ய வேண்டியவை

2002 ஆம் ஆண்டை வன்னியில் யாரும் மறக்க மாட்டார்கள். பெப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. பொருளாதாரத் தடை நீங்கி, பெற்றோல் என்ற சாமான் திரும்பக் கண்ணில் பட்டது. அதுவரை காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு ஓடிய கார்கள் எங்களுடையவை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. எங்களுக்குப் பெற்றோல் வந்து சேர்ந்த கையோடு பெற்றோலில் இருந்து ஈயம் போய்விட்டது.

இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒரு பிழையான கணக்கு இன்றுவரை ஓடுகிறது. பழைய கார் புகைத்தாலும் சரி, இழுவை குறைந்தாலும் சரி, பழியை ஈயமில்லாப் பெற்றோலின் தலையில் போட்டுவிட்டு ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகத்தை, கழற்றிவிடுகிறார்கள். அப்பாவின் ஒஸ்ரின் ஏ போட்டிக்கு 2003 இல் நடந்தது அதுதான். "ஐயா, இது புதுப் பெற்றோலின்ர வேலை. ஈயம் இல்லை எல்லோ" என்று ஒரு கராச்சில் சொன்னார்கள். வால்வ், சீற் எல்லாம் செய்து முடித்து, கையில் இருந்த காசும் முடிந்து, கார் வெளியே வந்தது. புகை அப்படியே இருந்தது. பழுது ஹெட்டில் இருக்கவில்லை. பிஸ்ரன் ரிங்ஸ் தேய்ந்து போயிருந்தது. அது மண்ணெண்ணெய் செய்த வேலை.

அந்தக் கார் 2009 இல் இடம்பெயர்வோடு போய்விட்டது. பிறகு வவுனியாவில் ஒரு மொறிஸ் மைனர் வாங்கி நானே பார்த்து வருகிறேன். அப்பா இழந்த காசை இன்னொருவர் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் மொறிஸ் மைனருக்குரியவை. முறை எந்தப் பழைய காருக்கும் பொருந்தும். அளவை மட்டும் உங்கள் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈயம் எஞ்சினுக்குள் செய்த வேலை

1921 இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர் ரெட்ரா எதில் ஈயம் என்ற சேர்மத்தைப் பெற்றோலில் சிறிதளவு கலந்தால் எஞ்சின் தட்டுவது நிற்கும் என்று கண்டுபிடித்தார். அதாவது தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டும் ஒக்ரேன் அளவு உயர்ந்தது. 1923 இல் விற்பனைக்கும் வந்தது. ஒக்ரேனை உயர்த்தத்தான் ஈயம் சேர்த்தார்கள், ஆனால் கேட்காத இன்னொரு நன்மையும் கிடைத்தது. எரிந்த ஈயம், புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ற் வால்வ் உட்காரும் சீற்றில் மெல்லிய படிவாக ஒட்டிக்கொண்டது. சிவக்கச் சூடான வால்வ் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சீற்றில் வந்து மோதுகிறது. இரும்பும் இரும்பும் நேரே தொடாமல் நடுவில் மெத்தை மாதிரி இருந்தது அந்தப் படிவுதான்.

படிவு இல்லாவிட்டால் சூட்டில் வால்வ்முகமும் சீற்றும் மிக நுண்ணிய புள்ளிகளில் ஒட்டும், திறக்கும்போது பிய்யும். பிய்ந்த துணுக்குகள் அரம் போல சீற்றை அராவும். சீற் மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதையும். மொறிஸ், ஒஸ்ரின் கார்களில் சீற் என்று தனியாக ஒரு வளையம் இல்லை. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீற்றை வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கார்களுக்குப் பயம் அதிகம்.

இனி எங்கள் ஊர்க் கணக்குக்கு வருவோம். மண்ணெண்ணெயில் ஈயம் கிடையாது. பழைய ஈயப்படிவு தானாகத் தாங்குவது சில ஆயிரம் கிலோமீற்றருக்குத்தான். ஆகவே நாடு ஈயத்தை நிறுத்தும் முன்பே வன்னிக் கார்களில் அந்தப் படிவு போய்விட்டது. ஆனாலும் சீற்றுகள் பெரிதாகத் தேயவில்லை. காரணம் றோட். குண்டும் குழியுமான பாதையில் 20, 30 வேகத்தில் போகிற எஞ்சினுக்கு எக்ஸோஸ்ற் வால்வ் அவ்வளவு சூடேறாது. சீற் புதைவது நீண்ட நேரம் வேகமாக, பாரத்தோடு ஓடும்போதுதான். அதனால் உண்மையான ஆபத்து எங்களுக்கு வந்தது 2002 இல் இல்லை. போருக்குப் பிறகு ஏ9 காப்பெற் றோட்டாகி, வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரை கால் எடுக்காமல் மிதிக்க முடிந்த நாளில்தான் வந்தது.

முதல் வேலை: உங்களிடம் இருப்பது என்ன எஞ்சின்?

அலுமினியம் ஹெட் உள்ள எஞ்சினுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை வேண்டாம். அலுமினியத்தில் நேரே சீற் வெட்ட முடியாது. கடினமான வளையம் ஏற்கெனவே இறுக்கியிருப்பார்கள். ஜப்பானில் 1970களின் நடுவிலேயே ஈயமில்லாப் பெற்றோல் வந்துவிட்டதால் அதற்குப் பிந்திய ஜப்பான் கார்களும் தப்பின. டீசல் எஞ்சின் மாற்றிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே வேலை இல்லை.

மொறிஸ் மைனரில் 1952 இலிருந்து 803 சிசி, 1956 இலிருந்து 948, 1962 இலிருந்து 1098 என்று வந்தது. எங்கள் பக்கம் ஒரு காரின் எஞ்சின் இன்னொரு காரில் இருப்பது சாதாரணம். அதனால் புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பாமல் எஞ்சினில் அடித்த தகட்டைத் துடைத்துப் பாருங்கள். இலக்கம் 9 என்று தொடங்கினால் 948, 10 என்று தொடங்கினால் 1098. முன்பு யாராவது ஹெட்டுக்கு வளையம் போட்டிருக்கிறார்களா என்று காரை விற்றவரிடம் கேட்பதும் பிரயோசனம். ஹெட் ஏதோ காரணத்துக்காகக் கழன்றிருந்தால் நேரேயே பார்க்கலாம்: வளையம் போட்டிருந்தால் சீற்றைச் சுற்றி மெல்லிய வட்டக்கோடு தெரியும்.

கொப்பியும் பீலர் கேஜும்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்கக் கொப்பி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு பீலர் கேஜ், காலைக் குளிரில் ஒரு மணித்தியாலம். இவ்வளவும் போதும்.

முதல் நாள் இரவு காரை நிழலில் விட்டு, எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு விடிய ஆரம்பியுங்கள். வன்னி வெயிலில் பத்து மணிக்குத் தொடங்கினால் அளவு பிழைக்கும். பிளக் நான்கையும் கழற்றினால் எஞ்சின் கையால் சுலபமாகச் சுற்றும். வால்வுகளை அமுக்கித் திறக்கும் கைகளான ரொக்கர்களின் மூடியைத் திறந்து ரேடியேற்றர்ப் பக்கம் இருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 1, 4, 5, 8 எக்ஸோஸ்ற். மற்ற நான்கும் பெற்றோல் காற்றை உள்ளே விடும் இன்லெற்.

எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: கூட்டினால் ஒன்பது. எட்டாம் வால்வ் முழுதாகக் கீழே அமுங்கித் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வை அளக்க வேண்டும். ஆறாவது கீழே போனால் மூன்றாவது. ஐந்தாவது கீழே போனால் நான்காவது. ஸ்ராட்டிங் ஹான்டிலைப் போட்டு மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால் எட்டும் முடிந்துவிடும். ரொக்கருக்கும் வால்வ் நுனிக்கும் நடுவே இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும், மில்லிமீற்றரில் 0.30. அந்தத் தகடு உள்ளே போய், இழுக்கும்போது கடதாசியைப் புத்தகத்துக்குள் இருந்து இழுப்பது போல மெல்லப் பிடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ரொக்கரின் நுனியில் வால்வ் தட்டித் தட்டிச் சிறு குழி விழுந்திருந்தால், பீலர் கேஜ் அந்தக் குழிக்கு மேலால் பாலம் போட்டதுபோல நிற்கும். உள்ளே இருக்கும் இடைவெளியை அது காட்டாது. விரலால் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் ரொக்கரைச் சீர்செய்த பிறகுதான் அளவு செல்லும்.

அளந்ததைச் சரிசெய்யும் முன் எழுதுங்கள். திகதி, மீற்றர் வாசிப்பு, எட்டு வால்வுக்கும் எட்டு எண். பிறகு 0.012 க்கு வைத்து இறுக்குங்கள். 1500 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப அளவுங்கள்.

ரொக்கர், ரப்பெற் முதலியன தேயும்போது இடைவெளி கூடும், டக் டக் சத்தம் வரும். அது செலவு குறைந்த நோய். சீற் புதைந்தால் வால்வ் மேலே ஏறும், இடைவெளி குறையும், சத்தமும் குறையும். "எஞ்சின் இப்ப நல்ல அமைதியாய் ஓடுது" என்று சந்தோஷப்படுகிறோமே, அந்த அமைதியைத்தான் கவனிக்க வேண்டும். இடைவெளி பூச்சியத்துக்கு வந்தால் வால்வ் மூடாது, எரிகிற வாயு இடுக்கால் சீறும், வால்வ் விளிம்பு எரிந்து போகும்.

இன்லெற் நான்கும் மாறாமல் எக்ஸோஸ்ற் மட்டும் ஒவ்வொரு முறையும் 0.002, 0.003 என்று குறைந்துகொண்டு வந்தால் அது ஈயம் இல்லாததால் வந்த தேய்வுதான். 4, 5 இரண்டும் முதலில் குறையலாம். நடுவில் உள்ள இரண்டு சிலிண்டருக்கும் ஒரே எக்ஸோஸ்ற் வாய் என்பதால் அந்த இடம் கூடுதலாகச் சூடேறும். தொடர்ந்து மூன்று முறை அளந்தும் எண் அசையவில்லையா? உங்கள் ஓட்டத்துக்கு உங்கள் சீற் தாங்குகிறது. யார் என்ன சொன்னாலும் ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள்.

புகையா, இழுவை இல்லையா: ஒரு தேக்கரண்டி ஒயில்

அப்பாவின் காருக்கு யாரும் செய்யாத சோதனை இது. எஞ்சினைச் சூடாக்கி, பிளக் நான்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்ராட்டரைச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டரின் கொம்பிறஷனையும், அதாவது உள்ளே ஏறும் அமுக்கத்தையும், அளவுங்கள். கொம்பிறஷன் கேஜ் உங்களிடம் இல்லாவிட்டால் ஒரு கராச்சில் கேட்டு வாங்கலாம். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பத்து, பதினைந்து வீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு உடனே திரும்ப அளவுங்கள்.

அளவு ஏறினால் ஒயில் ரிங்ஸைச் சுற்றி அடைத்திருக்கிறது, ஆகவே பழுது ரிங்ஸில். ஏறாவிட்டால் வால்வ் அல்லது சீற். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கஸ்கெற்றைப் பாருங்கள்.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக் கீழே சம்ப்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணீராகும். சுவரும் ரிங்ஸும் தேயும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கியூஆர் பங்கீடு போதாமல் பழைய பழக்கத்துக்குத் திரும்பிய ஆட்களை எனக்குத் தெரியும். உங்கள் கார் அப்படி ஓடியிருந்தால் டிப் ஸ்ரிக்கை எடுத்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணத்தால், அல்லது ஒயில் மட்டம் ஊற்றாமலே கூடியிருந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன் ஒயிலை மாற்றுங்கள்.

ஒக்ரேனும் ரைமிங்கும்

பெற்றோல் செட்டில் ஒக்ரேன் 92, 95 இரண்டும் கிடைக்கும். 803 எஞ்சின் குறைந்த அமுக்கம், 92 தாராளம். 948 இலும் 1098 இலும் குறைந்த அமுக்கம், கூடிய அமுக்கம் என்று இரண்டு வகை உண்டு. கூடிய அமுக்க எஞ்சின் 92 இல் ஏற்றத்தில் கிணுகிணு என்று தட்டலாம். 95 அடிப்பது ஒரு வழி. ரைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, சற்றுப் பின்னுக்குத் தள்ளுவது மற்ற வழி, அது காசு கேட்காது.

டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் விரலால் திருகும் ஒரு சிறு பல்லுச்சில் இருக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை; ஒயிலும் தூசியும் மூடிக் கிடக்கும். துடைத்தால் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் ஆர் என்று பொறித்திருப்பது தெரியும். ஆர் பக்கம் 11 கிளிக் திருப்பினால் ஏறத்தாழ 1 பாகை பின்போகும். 22 கிளிக் திருப்பிவிட்டு, நாலாம் கியரில் மெதுவாகப் போய் ஒரேயடியாக அக்சிலேற்றரை மிதித்துக் கேளுங்கள். ஒரு கணம் கிணுங்கி அடங்கினால் சரி. தொடர்ந்து தட்டினால் இன்னும் 11 கிளிக். அளவுக்கு மிஞ்சிப் பின்தள்ளக் கூடாது. எஞ்சின் சூடேறும், எக்ஸோஸ்ற் வால்வும் சேர்ந்து சூடேறும், காப்பாற்ற நினைத்த சீற்றுக்கே அது கேடு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 95 அடித்தால் சீற் தேயாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒக்ரேன் வேறு, சீற் பாதுகாப்பு வேறு. 95 இலும் ஈயம் இல்லை.

கால், மருந்து, வளையம்

எண்கள் குறைகின்றன என்று கொப்பி சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழி உண்டு.

முதலாவது உங்கள் கால். 948 எஞ்சின் நாலாம் கியரில் மணிக்கு 70 கிலோமீற்றருக்குச் சற்று மேலே போகும்போது நிமிடத்துக்கு 3000 சுற்றுத் தொடும். அதற்குக் கீழே ஓடினால் தேய்வு மிகவும் குறையும். 803 இல் கியர் விகிதம் வேறு, இன்னும் மெதுவாகப் போக வேண்டும். மாங்குளத்தில் இருந்து நான் 60, 65 இல் வருகிறேன். முறிகண்டியில் பிள்ளையாருக்கு நிறுத்தி, கச்சான் வாங்கிச் சாப்பிட்டு முடிக்கும்வரை எஞ்சினும் ஆறுகிறது. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் காரை எடுப்பவருக்கு இந்த ஒன்றே பல வருடத்துக்குப் போதும்.

இரண்டாவது, பெற்றோலில் கலக்கும் ஈய மாற்று மருந்து. பொற்றாசியம், பொஸ்பரஸ், மங்கனீஸ், சோடியம் ஆகியவற்றில் ஒன்றை வைத்துத் தயாரிப்பார்கள். போத்தலில் 'சீற் பாதுகாப்பு' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஒக்ரேன் கூட்டும் மருந்து எல்லாம் சீற்றைக் காக்காது. ஒரு வகையைத் தொடங்கினால் அதையே தொடருங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். ஊசி மருந்துச் சிரிஞ்சால் அளந்து முதலில் தாங்கிக்குள் விட்டு, பிறகு பெற்றோலை அடித்தால் தானாகக் கலந்துவிடும். ஒவ்வொரு முறையும் போட வேண்டும், கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும் என்பதுதான் இதன் தொல்லை.

தாங்கிக்குள் ஈயக்கட்டி போடுவது, பூச்சி உருண்டை போடுவது, மோட்டார் சைக்கிளுக்கு விடும் டூரீ ஒயில் கலப்பது எல்லாம் வேண்டாம். கட்டி ஈயம் பெற்றோலில் கரையாது. டூரீ ஒயில் பிளக்கைத்தான் கரியாக்கும்.

மூன்றாவது, நிரந்தரத் தீர்வு. கடினமான சீற் வளையம். வால்வ் எரிந்துவிட்டால், அல்லது வேறு காரணத்துக்காக ஹெட் எப்படியும் கழன்றால் செய்யுங்கள். நல்ல ஹெட்டை இதற்கென்று கழற்ற வேண்டாம்.

லேத்தில் ஹெட்டைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை: எக்ஸோஸ்ற் நான்குக்கு மட்டும் வளையம். இன்லெற் வால்வ் ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் குளிர்ந்த பெற்றோல் காற்றால் ஆறுவதால் அதற்குத் தேவை இல்லை. பாதிச் செலவு மிச்சம். வளையம் போட முன்பே ஹெட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக இரண்டு வால்வுக்கு நடுவே. பிறகு தெரிந்து பயன் இல்லை. வளையத்துக்கான குழியை ஆழமாகக் கடைந்தால் தண்ணீர்ப் பாதைக்குள் ஓட்டை விழும். வளையம் சும்மா தட்டி ஏற்றும் பொருள் இல்லை. ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிராக்கி, இறுக்கமாக அமர வைக்க வேண்டும். சீற் 45 பாகையில் வெட்டப்படும். ஈயமில்லாப் பெற்றோலுக்கென்று வரும் எக்ஸோஸ்ற் வால்வுகளையே போடுங்கள். வால்வ் கைட் ஆடினால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுச் சீற்றில் வால்வ் கோணலாக அடிக்கும்.

பூட்டும்போது ஹெட் நட்டுகளை நடுவில் இருந்து வெளியே போகும் ஒழுங்கில், ரோர்க் ஸ்பானரால் 40 இறாத்தல் அடிக்கு இறுக்குங்கள். சில நூறு கிலோமீற்றருக்குப் பிறகு திரும்ப இறுக்கி, வால்வ் இடைவெளியையும் திரும்ப வையுங்கள்.

றப்பர்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஈயமில்லாப் பெற்றோலின் சேர்க்கை பழையதில் இருந்து வேறு. ஐம்பது வருடத்துக்கு முந்திய றப்பர் அதில் ஊறி மெலியும், இல்லாவிட்டால் காய்ந்து வெடிக்கும். பெற்றோல் குழாய்களையும் பம்ப் டயபிறத்தையும் புதிதாக மாற்றுங்கள். குழாயை இரண்டு விரலால் மடக்கினால் வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். எக்ஸோஸ்ற் குழாய்க்கு மேலே கசிவது பெற்றோல் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஈயத்தைத் தேடிப் போகாதீர்கள்

இலங்கைக்கு முன் இந்தியா 2000 இல் நிறுத்தியது. கடைசியாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்திய பிறகு உலகில் எந்த நாட்டிலும் கார்களுக்கு ஈயப் பெற்றோல் விற்பனை இல்லை. சிறிய பிஸ்ரன் விமானங்களின் பெற்றோலில் மட்டும் இன்னும் ஈயம் இருக்கிறது. அதை எடுத்து ஊற்றலாமா என்று ஒருமுறை ஒரு தம்பி என்னிடம் கேட்டார். வேண்டாம் தம்பி. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இவ்வளவுக்குக் கீழே பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை. எலும்பில் புகுந்தால் பல பத்து வருடம் கிடக்கும். மிட்ஜ்லியே ஈய நஞ்சால் படுக்கையில் விழுந்தவர். ஒரு சீற்றுக்காக அதை எங்கள் வளவுக்குள் கொண்டுவரக் கூடாது.

பழைய ஹெட்டின் கரியிலும் சைலன்சருக்குள்ளும் அந்தக் கால ஈயம் இன்னும் இருக்கலாம். காய்ந்தபடி கம்பித் தூரிகையால் உரசாதீர்கள், ஊதாதீர்கள். நனைத்துத் துடைத்து, துணியை எறிந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே தேத்தண்ணீர்க் கோப்பையைத் தொடுங்கள். குழாயை வாயில் வைத்துப் பெற்றோல் உறிஞ்சுவதை எங்கள் ஆட்கள் இன்னும் விடவில்லை. கைப்பம்ப் ஒன்று வாங்குங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பழைய பற்றரியை உடைத்து வலைக்கு ஈயக்குண்டு உருக்குவது. அந்தப் புகையும் சாம்பலும் பெற்றோலில் இருந்த ஈயத்தைவிடப் பல மடங்கு கிட்டத்தில், பிள்ளைகள் விளையாடும் அதே முற்றத்தில் விழுகிறது. பற்றரியை உடைக்காமல், வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொப்பியை நான் டாஷ்போர்ட் தட்டில், பீலர் கேஜோடு ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் 1, 5, 8 மூன்றுக்கும் 0.012 என்று இருக்கிறது. நான்காம் வால்வுக்கு மட்டும் 0.011. அதைத் திருத்தி வைத்துவிட்டேன். அடுத்த 1500 இல் அது திரும்பவும் குறைந்திருந்தால் மருந்துக்குச் சொல்லிவிடுவேன். குறையாவிட்டால் இப்படியே ஓடட்டும்.